திசைகளை அளத்தல்: தாங்கும் கோணமும் திண்மக் கோணமும்

இவ்வுரை எடுத்துக்கொண்டுள்ள பொருள் வடிவியலில் மிகப் பழையது. ஆயினும் பள்ளிப் பாடத்தில் மிக அவசரமாகக் கடந்துபோகப்படுவது. தளத்தில் ஒரு கோடு ஒரு புள்ளியில் தாங்கும் கோணமும், வெளியில் ஒரு பரப்பு ஒரு புள்ளியில் தாங்கும் திண்மக் கோணமுமே அந்தப் பொருள்.

ஒரு பொருள் எவ்வளவு பெரியது என்பது ஒரு கேள்வி. குறிப்பிட்ட ஓரிடத்திலிருந்து பார்க்கையில் அது எவ்வளவு திசையை அடைத்துக்கொள்கிறது என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு அளவுகோல் விடை சொல்லும். இரண்டாம் கேள்விக்கு விடை சொல்ல அளவுகோலால் ஆகாது. கோணம்தான் சொல்ல வேண்டும். கண்ணுக்கு எட்டுவது, விளக்கிலிருந்து தாளில் விழும் ஒளி, தொலைவிலுள்ள பொருள் ஈர்க்கும் ஈர்ப்பு ஆகிய எல்லாமே இரண்டாம் கேள்வியைச் சார்ந்தவை என்பதால், அந்தக் கேள்வியைத் தெளிவாகக் கேட்கக் கற்பது இயற்கையைப் படிப்பதற்குத் தலைவாசல் என்று சொன்னால் அது மிகையன்று.

தொடங்க வேண்டிய இடம் தளம். தாளில் ஒரு கோட்டுத்துண்டும், அதற்கு வெளியே ஒரு புள்ளியும் இருப்பதாகக் கொள்க. புள்ளியிலிருந்து கோட்டின் இரு முனைகளுக்கும் இரு நேர்கோடுகள் வரைந்தால், அவற்றுக்கிடையே அமையும் கோணமே அக்கோட்டுத்துண்டு அப்புள்ளியில் தாங்கும் கோணம் எனப்படும். அதை அளப்பது எப்படி? அப்புள்ளியை மையமாகக் கொண்டு ஏதேனும் ஓர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, அந்த இரு கோடுகளுக்கிடையே சிக்கும் வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே கோணத்தின் அளவு. வட்டம் சிறியதானால் வில்லும் சிறிதாகும். வட்டம் பெரியதானால் வில்லும் அதே விகிதத்தில் பெரிதாகும். எனவே வகுத்து வரும் எண் மாறுவதே இல்லை. இந்த எண்ணுக்கு ரேடியன் என்று பெயர். வட்டச் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய பை என்னும் எண்ணைக் கொண்டு சொன்னால், முழுச் சுற்று 2 பை ரேடியன்; ஒரு ரேடியன் ஏறக்குறைய 57.3 பாகை.

இந்த வரையறையில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். தாங்கும் கோணம் கோட்டுக்கு மட்டும் உரியதா? இல்லை. புள்ளிக்கு மட்டும் உரியதா? அதுவும் இல்லை. இரண்டுக்கும் இடையேயுள்ள உறவுக்கு உரியது அது. கோடு அசையாமல் இருக்கப் புள்ளி நகர்ந்தாலும் கோணம் மாறும். புள்ளி நிலையாக இருக்கக் கோடு சாய்ந்தாலும் கோணம் மாறும். மாணவர் பலர் இடறுவது இந்த இடத்தில்தான். கோணத்தைப் பொருளின் உடைமையாக அவர்கள் எண்ணிவிடுகின்றனர்.

வானத்தில் இதற்கு ஒரு சான்று உண்டு. சந்திரனின் விட்டம் 3,474 கிலோமீட்டர். பூமியிலிருந்து அதன் சராசரித் தொலைவு ஏறத்தாழ 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டர். சூரியனின் விட்டம் சந்திரனைப்போல் 400 மடங்கு. ஆனால் தொலைவும் ஏறக்குறைய 390 மடங்கு. விட்டத்தைத் தொலைவால் வகுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எண் வருகிறது. அதாவது பூமியில் நிற்பவரின் கண்ணில் இரண்டும் அரைப் பாகைக்குச் சற்றே கூடுதலான கோணத்தைத் தாங்குகின்றன. சந்திரன் சற்று நெருங்கி வரும் காலத்தில் சூரியனை முழுதாக மறைக்கிறது. சற்று விலகிப்போன காலத்தில் முழுதாக மறைக்க இயலாமல், சுற்றிலும் ஒளிவளையம் எஞ்சுகிறது. 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரியிலும் ராமேஸ்வரத்திலும் யாழ்ப்பாணத்திலும், 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் கண்டவர்கள் கண்டது அந்த வளையத்தையே. ஒரு பாகையில் நூறில் சில பங்கு கூடியதா குறைந்ததா என்பதே முழு கிரகணத்துக்கும் வளைய கிரகணத்துக்கும் உள்ள வேறுபாடு!

அடிவானத்தில் எழும் முழுநிலவு பெரியதாகத் தோன்றுகிறதே, அப்போது அது தாங்கும் கோணம் கூடியிருக்கிறதா? இல்லை. உச்சியில் நிற்கும் நிலவைவிட அடிவானத்து நிலவு, பார்ப்பவரிடமிருந்து ஏறத்தாழ ஒரு பூமி ஆரம் அளவுக்கு, அதாவது 6,000 கிலோமீட்டருக்கு மேல், தள்ளியே இருக்கிறது. எனவே அதன் கோணம் உண்மையில் ஒன்றரை விழுக்காடு குறைவு. கையை நன்றாக நீட்டிச் சுண்டுவிரலை நிமிர்த்தினால் அது ஏறக்குறைய ஒரு பாகையை மறைக்கும். எழும் நிலவின்மேல் அந்த விரலைப் பிடித்துப் பார்த்து, நள்ளிரவில் மீண்டும் பிடித்துப் பார்க்கும் எவரும் இரு முறையும் நிலவு விரலின் பாதி அகலத்துக்குள் அடங்குவதைக் காணலாம். பெருத்துக் காட்டியது மனம், கோணம் பெருக்கவில்லை.

சூரியன் தாங்கும் கோணத்தைக் கருவிகொண்டு அளக்க முற்பட்டவர்களுள் ஆர்க்கிமிடீஸின் முயற்சி வியந்து போற்றத்தக்கது. சிரக்கூஸ் அரசர் கெலோனுக்கு எழுதிய மணற்கணித நூலில் அவர் அதை விவரிக்கிறார். நீண்ட ஒரு கோலைக் கிடையாக வைத்து, அதன்மேல் சிறிய உருளை ஒன்றை நிறுத்தி, உதிக்கும் சூரியனை அடிவானத்தில், கண் கூசாத அந்தச் சில நிமிடங்களுக்குள், கோலின் ஒரு முனையிலிருந்து பார்த்தார். உருளையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தால் சூரியன் முழுதும் மறையும். தள்ளி வைத்தால் இருபுறமும் ஒளி கசியும். மறையும் நிலையிலும் கசியும் நிலையிலும் உருளை தாங்கும் கோணங்களைக் கணக்கிட்டு, சூரியனின் கோணம் ஒரு செங்கோணத்தின் 200இல் ஒரு பங்கைவிடப் பெரிது, 164இல் ஒரு பங்கைவிடச் சிறிது என்று நிறுவினார். இன்றைய அளவு அவ்விரு எல்லைகளுக்கும் நடுவில் அமைந்திருக்கிறது. அதைவிடவும் பெரிய செய்தி ஒன்று உண்டு: கண் என்பது ஒரு புள்ளி அன்று, அதற்கும் ஓர் அகலம் உண்டு என்பதை அவர் உணர்ந்திருந்தார். பார்வை ஒரே புள்ளியிலிருந்து புறப்படுவதாகக் கொண்டால் பிழை வரும் என்று கண்டு, மெல்லிய உருளைகளைக் கண்ணுக்கு முன்னே வைத்துப் பார்வையின் அகலத்தையே தனியாக மதிப்பிட்டுத் திருத்தம் செய்தார். தாங்கும் கோணத்துக்குப் புள்ளி எது என்பதில் இவ்வளவு கவனம் செலுத்திய ஒருவரை அதற்கு முன் காண்பது அரிது.

கண் மருத்துவமனைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையும் இதே கணக்கில் பிறந்ததுதான். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்ட அப்பலகையில், ஒரு பாகையை 60 ஆகப் பகுத்தால் கிடைக்கும் கலை என்னும் சிறிய அலகே அடிப்படை. 6 மீட்டர் தொலைவில் 5 கலைக் கோணத்தைத் தாங்குமாறு எழுத்தை அமைத்தால் அதன் உயரம் 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அதைப் படிப்பவருக்கு 6/6 பார்வை. மேல்வரியின் பெரிய எழுத்து 60 மீட்டர் தொலைவில் அதே 5 கலையைத் தாங்கும் அளவுக்கு எழுதப்பட்டது. அதை மட்டுமே படிக்க முடிந்தால் 6/60.

இனி, வட்டத்தின் பெருமையைச் சொல்லும் ஓர் இடத்துக்கு வரவேண்டும். யூக்ளிடின் மூன்றாம் புத்தகத்தில் ஒரு தேற்றம் உண்டு: வட்டத்தின் ஒரே துண்டில் அமையும் கோணங்கள் எல்லாம் சமம். அதாவது, ஒரு நாணின் ஒரே பக்கத்தில், வட்டத்தின்மேல் எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் அந்த நாண் ஒரே கோணத்தையே தாங்கும். வட்டத்துக்கு வெளியே போனால் கோணம் குறையும். உள்ளே வந்தால் கூடும். இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர் பலர். இதைக்கொண்டு ஒரு சிலையைப் பார்க்கச் சிறந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று அறிந்தவர் எத்தனை பேர்?

1471இல் ரெஜியோமொண்டானஸ் என்னும் ஜெர்மானியக் கணித அறிஞர் எர்ஃபர்ட் நகரப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அத்தகைய கணக்கொன்றை விடுத்தார். கண்மட்டத்துக்கு மேலே செங்குத்தாகத் தொங்கும் ஒரு கோல், தரையில் எந்தத் தொலைவில் நின்றால் மிகப் பெரிதாகத் தெரியும்? மிக அருகே போனால் அண்ணாந்து பார்க்க நேர்ந்து கோல் குறுகித் தெரியும். மிகத் தள்ளிப் போனால் தொலைவினாலேயே சிறுத்துத் தெரியும். இடையே எங்கோ ஒரு சிறந்த இடம் இருந்தாக வேண்டும். கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையை எடுத்துக்கொண்டால் கணக்குக் கண்முன் நிற்கும். கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பில் உருவாகி 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அதன் பீடம் 38 அடி, பீடத்தின்மேல் சிலை 95 அடி, மொத்தம் 133 அடி. பார்ப்பவரின் கண் பீடத்தின் அடிமட்டத்தில் இருப்பதாகவும், சிலையை ஒரு செங்குத்துக் கோடாகவும் கொள்க. சிலையின் உச்சியையும் பாதத்தையும் தொட்டுச் செல்லும் வட்டங்களில், கண்மட்டக் கோட்டை ஒரே இடத்தில் மட்டும் தொட்டு நிற்கும் வட்டத்தை வரைக. அந்தத் தொடுபுள்ளி வட்டத்தின்மேல் உள்ளது. கண்மட்டக் கோட்டின் மற்றெல்லாப் புள்ளிகளும் வட்டத்துக்கு வெளியே உள்ளன. வெளியே உள்ளவற்றில் கோணம் குறைவு என்பது மேலே சொன்ன தேற்றம். ஆகவே தொடுபுள்ளியே சிறந்த இடம்! அதன் தொலைவு 133ஐயும் 38ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது, ஏறக்குறைய 71 அடி. அங்கே சிலை தாங்கும் கோணம் 34 பாகைக்குச் சற்றுக் குறைவு. நுண்கணிதம் பிறப்பதற்கு முன்பே, ஒரு வட்டமும் ஒரு தொடுகோடும் கொண்டு தீர்க்கத்தக்க கணக்கு இது.

ஆனால் உலகம் கோடுகளால் மட்டும் ஆனதா? நிலவு ஒரு கோடா? சுவர் ஒரு கோடா? விளக்கின்முன் பிடித்த தட்டு ஒரு கோடா? பரப்பு என்று வரும்போது அகலம் மட்டும் போதாது, உயரம் மட்டும் போதாது. அது அடைத்துக்கொள்ளும் திசைகள் அனைத்தையும் ஒருசேர அளக்க வேண்டும். அந்த அளவே திண்மக் கோணம்.

வரையறை தளத்தில் கண்டதையே ஒரு படி உயர்த்துகிறது. புள்ளியை மையமாகக் கொண்டு ஒரு கோளத்தை எண்ணிக்கொள்க. பரப்பின் விளிம்பு நெடுகிலும் புள்ளியிலிருந்து கோடுகள் இழுத்தால், அவை கோளத்தின் மேற்பரப்பில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும். அப்பகுதியின் பரப்பளவை ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்ணே திண்மக் கோணம். அதன் அலகு ஸ்டிரேடியன். தளத்தில் நீளத்தை ஆரத்தால் வகுத்தது போல, இங்கே பரப்பை ஆரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். கோளத்தின் மொத்தப் பரப்பு, அதை மையத்தின் வழியே வெட்டினால் கிடைக்கும் பெருவட்டத்தின் பரப்பைப்போல் நான்கு மடங்கு என்று ஆர்க்கிமிடீஸ் நிறுவியபடியால், ஒரு புள்ளியைச் சூழ்ந்த திசைகள் அனைத்தும் சேர்ந்து 4 பை, அதாவது 12.57 ஸ்டிரேடியன்.

பலரும் திண்மக் கோணம் என்றதும் கூம்பின் கூர்முனையை மட்டும் நினைக்கின்றனர். வடிவத்துக்கு இங்கே வேலை இல்லை. நீண்டு மெலிந்த பட்டையும், வட்டமான தட்டும், விளிம்பு கிழிந்த மேகத்துண்டும் ஒரே அளவு திண்மக் கோணத்தைத் தாங்கலாம். வட்டக் கூம்பை எடுத்துக்கொண்டால், அச்சுக்கும் பக்கத்துக்கும் இடையே 32.8 பாகை இருக்கும்போது அதன் உள்ளே சரியாக ஒரு ஸ்டிரேடியன் அடங்கும். 60 பாகை இருக்கும்போது முழுக்கோளத்தின் நாலில் ஒரு பங்கு அடங்கும். சாய்வு முக்கியம். பார்ப்பவரை நேராக நோக்கி நிற்கும் சிறு தட்டைத் தொலைவு மாற்றாமல் 60 பாகை சாய்த்தால், தட்டின் பரப்பு குறையாவிட்டாலும் அது தாங்கும் திண்மக் கோணம் பாதியாகிவிடும்.

சூரியன் தாங்கும் திண்மக் கோணம் எவ்வளவு? ஒரு ஸ்டிரேடியனை ஒரு லட்சம் பங்காக்கினால் அதில் ஏறத்தாழ 6.8 பங்கு. வானக்கோளம் முழுவதையும் நிரப்ப இத்தகைய சூரிய வட்டங்கள் ஏறக்குறைய 1 லட்சத்து 85 ஆயிரம் வேண்டும்! உலகத்துக்கே பகலைத் தரும் ஒளி வருவது திசைகளில் அவ்வளவு சிறிய பங்கிலிருந்துதான். இதைவிடச் சிறிய பங்கையும் மனிதர் உற்று நோக்கியதுண்டு. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்து 2004இல் வெளியான மிக ஆழ்புலப் படம் வானத்தில் 1 கோடியே 30 லட்சத்தில் ஒரு பங்கையே காட்டியது. அதில் ஏறக்குறைய 10,000 விண்மீன் மண்டலங்கள் தென்பட்டன. ஒரு திசையில் கண்ட எண்ணிக்கையைத் திண்மக் கோணத்தால் வகுத்துத்தான் முழு வானத்தையும் மதிப்பிட வழி உண்டு.

இனி இவ்வுரையின் நடுப்பகுதிக்கு வரலாம். முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்தது. அது தாளின்மேல் வரைந்த முக்கோணத்துக்கு. கோளத்தின்மேல் பெருவட்ட விற்களால் வரைந்த முக்கோணத்துக்கு அது பொருந்துமா? பொருந்தாது, எப்போதும் 180ஐவிடக் கூடும். கூடும் அளவுக்குக் கோள மிகை என்று பெயர். அந்த மிகையை ரேடியனில் சொன்னால், அதுவே அம்முக்கோணம் கோளத்தின் மையத்தில் தாங்கும் திண்மக் கோணம்! இதை இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் 1603இல் கண்டறிந்தும் வெளியிடவில்லை. ஆல்பெர் ஜிரார் 1629இல் அச்சிட்டதால் அவர் பெயரே தேற்றத்துக்கு நிலைத்தது.

அதன் நிறுவல் செவியால் கேட்டே புரிந்துகொள்ளும் அளவுக்கு எளியது. இரு பெருவட்டங்கள் கோளத்தை ஆரஞ்சுச் சுளையின் புறத்தோல் போன்ற பிறைத்துண்டுகளாக வெட்டும். பிறையின் கோணம் முழுச்சுற்றில் எத்தனையில் ஒரு பங்கோ, அதன் பரப்பும் கோளப்பரப்பில் அத்தனையில் ஒரு பங்கு. கோள முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் எதிரெதிராக இரண்டு பிறைகள் வீதம் மொத்தம் ஆறு பிறைகள் உண்டாகும். இந்த ஆறும் சேர்ந்து கோளம் முழுவதையும் மூடும்; ஆனால் முக்கோணத்தையும், கோளத்தின் மறுபுறத்தில் அதற்கு நேர் எதிராக அமைந்த அதன் இணையையும் மட்டும் மும்மூன்று முறை மூடும், அதாவது தேவைக்கு மேல் இருமுறை. ஆகவே ஆறு பிறைகளின் மொத்தப் பரப்பிலிருந்து கோளத்தின் பரப்பைக் கழித்தால் எஞ்சுவது முக்கோணத்தின் நான்கு மடங்கு. அவ்வளவே, தேற்றம் கைக்கு வந்துவிட்டது.

தளக்கோணங்கள் மூன்றைக் கூட்டி, 180ஐக் கழித்தால், திண்மக் கோணம்! கோணமானியை மட்டும் கையில் வைத்திருப்பவர் பரப்பை அளந்துவிடுகிறார். இந்தத் தேற்றத்தின் அழகு வகுப்பறைகளில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

பாகையில் சொன்னால் முழுக்கோளத்தின் மிகை 720. இதைக் கொண்டு திண்ம உருவங்களின் முனைகளை அளக்கலாம். கனசதுரத்தின் ஒரு முனையில் மூன்று முகங்கள் கூடுகின்றன. அடுத்தடுத்த இரு முகங்களுக்கு இடையேயான கோணத்துக்கு இருமுகக் கோணம் என்று பெயர். கனசதுரத்தில் அது 90. மூன்று தொண்ணூறு 270. 180 போக 90. எழுநூற்றிருபதில் தொண்ணூறு எட்டு முறை அடங்கும். ஆகவே எட்டுக் கனசதுரங்கள் ஒரு புள்ளியைச் சுற்றி இடைவெளியின்றி நிற்கும். அறையின் மேல் மூலையில் ஒரு விளக்கை ஒட்டி மாட்டினால் அதைச் சூழ்ந்த திசைகளில் எட்டில் ஒரு பங்கே அறைக்கு உரியது. எஞ்சிய ஏழு பங்கும் சுவரையும் கூரையையும் நோக்கியவை.

நான்கு சமபக்க முக்கோணங்களால் ஆன ஒழுங்கு நான்முகிக்கு வருவோர் வியப்படைவர். அதன் இருமுகக் கோணம் 70.53 பாகை. மூன்று மடங்கு 211.59, 180 போக 31.59. எழுநூற்றிருபதை இதனால் வகுத்தால் 22.79 வருகிறது, முழு எண் வரவில்லை! அளவின்படி பார்த்தால் 22 நான்முகிகளுக்கு மேல் ஒரு புள்ளியில் முனைகூட இயலாது. 22 வைத்தாலும் இடம் மிஞ்சும். 23ஆவதற்கு இடம் போதாது. எனவே நான்முகிகளை அடுக்கி வெளியை நிரப்புவது நடவாத செயல். ஆயினும் அரிஸ்டாட்டில் வானத்தைப் பற்றிய தம் நூலில், கனசதுரமும் நான்முகியும் வெளியை நிரப்பும் என்று எழுதிவிட்டார். அவர் பெயரின் கனத்தால் அக்கூற்று நூற்றாண்டுக்கணக்கில் நிலைபெற்றது. உரையாசிரியர்கள் அதற்குக் காரணம் தேடினரே ஒழிய, அளந்து பார்க்கத் துணிந்தவர் மிகச் சிலர். பதினைந்தாம் நூற்றாண்டில் இதை எடுத்து ஆராய்ந்தவர் மேலே சொன்ன அதே ரெஜியோமொண்டானஸ். அவர் எழுதிய நூல் இன்று கிடைக்கவில்லை. திண்மக் கோணத்தை எண்ணால் அளக்கும் வழி கையில் இருந்திருந்தால், ஒரு வகுத்தல் கணக்கில் தீர்ந்திருக்க வேண்டிய வழக்கு அது.

இதே மிகையைத் தமிழ்நாட்டு மண்ணில் கருவிகொண்டு அளந்தனர். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவைப் பணியே பின்னர் இந்தியா முழுவதும் பரந்தது. மலையுச்சிகளையும் கோயில் உயரங்களையும் முனைகளாகக் கொண்டு பெரிய முக்கோணங்கள் அமைத்து, தியோடலைட் என்னும் கோணமானிக் கருவியால் மூன்று கோணங்களையும் அளந்தனர். பூமி கோளம் ஆதலால் கூட்டுத்தொகை 180ஐவிடக் கூட வேண்டும், எவ்வளவு கூடும்? ஏறக்குறைய 197 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை, அதாவது ஒரு கலையின் அறுபதில் ஒரு பங்கு. பக்கம் 60 கிலோமீட்டர் கொண்ட சமபக்க முக்கோணத்தில் மிகை ஏறத்தாழ 8 விகலை. அரை டன் எடையுள்ள அந்தப் பெருங்கருவி இந்த நுட்பத்தை நாடித்தான் மலைக்கு மலை சுமந்து செல்லப்பட்டது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்து மோதிச் சிதைந்ததும் அதுதான். அளவையாளர் தாளில் கோள மிகை என்று குறித்த அந்தச் சில விகலைகள், பூமியின் மையத்தில் ஒரு புள்ளியை வைத்தால் அங்கே அந்த நிலப்பகுதி தாங்கும் திண்மக் கோணமே. எவரும் போய் நிற்க முடியாத இடத்துக் கோணத்தை, மேலே மலைகளில் நின்றபடி அளந்தனர் அவர்கள்!

ஒளிக்கு வந்தால் திண்மக் கோணம் அன்றாடக் கடைவீதிப் பொருளாகிவிடுகிறது. விளக்கு மொத்தமாக வெளிவிடும் ஒளியின் அளவு லூமென். ஒரு ஸ்டிரேடியனுக்குள் எவ்வளவு விடுகிறது என்பது கேண்டெலா. 800 லூமென் பல்பு எல்லாத் திசையிலும் சமமாக வீசினால் அது 64 கேண்டெலா. அதே ஒளியைக் குவித்து ஒரே ஸ்டிரேடியனுக்குள் அனுப்பினால் 800 கேண்டெலா. ஒளி ஒரு துளியும் கூடவில்லை, திசைகள்தாம் குறைந்தன. டார்ச் விளக்குப் பெட்டியில் கேண்டெலா எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டிருந்தால், வாங்குபவர் லூமென் எண்ணையும் தேடிப் பார்ப்பது நல்லது. தொலைவு இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்னும் எதிர்த்தகவு இருமடி விதிக்கும் காரணம் இதுவே: அதே தாள் இருமடங்கு தொலைவில் நாலில் ஒரு பங்கு திண்மக் கோணத்தையே தாங்குகிறது.

ஈர்ப்பும் அதே விதிப்படி நடப்பதால் நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலில் ஓர் அரிய முடிவை எட்டினார். உள்ளீடற்ற, சீரான கோள ஓட்டின் உள்ளே எங்கே ஒரு துகளை வைத்தாலும் ஓடு அதை எப்பக்கமும் இழுக்காது. நடுவில் வைத்தால் சரி. ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தாலும் அப்படியா? அப்படித்தான். துகளிலிருந்து முன்னும் பின்னுமாக ஒரே திண்மக் கோணம் கொண்ட இரு மெல்லிய கூம்புகளை நீட்டினால், அருகிலுள்ள ஓட்டில் சிறு துண்டும், தொலைவிலுள்ள ஓட்டில் பெருந்துண்டும் வெட்டுப்படும். இரு முனையிலும் ஓட்டின் சாய்வு ஒன்றே ஆதலால் துண்டின் பரப்பு தொலைவின் வர்க்கத்தைப்போல் பெருகும். ஈர்ப்போ தொலைவின் வர்க்கத்தால் குறையும். பெருக்கமும் குறைவும் ஒன்றையொன்று சரிக்கட்டி, எதிரெதிர் இழுவைகள் சமமாகின்றன. எல்லாத் திசைக்கும் இதுவே நடப்பதால் மொத்த இழுவை பூச்சியம்.

கணித அறிஞர் காஸ் இந்தச் சிந்தனையை மேலும் விரித்தார். ஓடு கோளமாக இருக்க வேண்டியதில்லை. மூடிய பரப்பு எதுவாயினும், எவ்வளவு மடிந்து நெளிந்திருந்தாலும், உள்ளே உள்ள புள்ளியில் அது தாங்கும் திண்மக் கோணம் 4 பை. வெளியே உள்ள புள்ளியிலோ, பார்வைக்கோடு பரப்புக்குள் நுழையும் இடத்தைக் குறையாகவும் வெளியேறும் இடத்தைக் கூட்டாகவும் கணக்கிட்டால், ஒன்றையொன்று நீக்கிப் பூச்சியமே எஞ்சும். மின்னூட்டத்தைச் சூழ்ந்த பரப்பின் வழியே செல்லும் மின்பாயம் பரப்பின் வடிவத்தைச் சாராதிருப்பது இதனால்தான். கல்லூரி மாணவர் தொகையிடல் குறிகளுக்குள் தேடிக் களைக்கும் பொருள், உள்ளே நிற்பவர் எல்லாத் திசையிலும் சுவரைக் காண்பார் என்னும் இந்த எளிய உண்மையே.

அந்த எளிய உண்மை மனித உடலுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. இதயத் தசையில் மின்கிளர்ச்சி அலை பரவும்போது, கிளர்ந்த பகுதிக்கும் கிளராத பகுதிக்கும் இடையே உள்ள எல்லைப் பரப்பு இரட்டை மின்னடுக்கு போலச் செயல்படுகிறது. அடுக்கு சீரானதாகவும் சுற்றியுள்ள உடல் ஒரே தன்மையானதாகவும் கொண்டால், நெஞ்சின்மேல் ஒரு புள்ளியில் பதிவாகும் மின்னழுத்தம் அந்த எல்லைப் பரப்பு அப்புள்ளியில் தாங்கும் திண்மக் கோணத்துக்கு நேர்விகிதம். எல்லை முழுதும் மூடிய பரப்பாகத் தசைக்குள்ளேயே இருந்தால் வெளியே ஒன்றும் பதிவாகாது. காஸ் கண்ட பூச்சியம் அது. மூடிய பரப்பு இதயச்சுவரின் விளிம்பைத் தொட்டுத் திறந்துகொண்டால் பதிவு தொடங்கும். 1983இல் நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஊஸ்டெரோமும் ஸ்ட்ராக்கீயும், வெளியில் எங்கிருந்தாலும் ஒரு தள முக்கோணம் தாங்கும் திண்மக் கோணத்தை அதன் மூன்று முனைகளின் நிலைகளிலிருந்து ஒரே படியில் கணிக்கும் சூத்திரத்தை உயிர்மருத்துவப் பொறியியல் இதழொன்றில் வெளியிட்டனர். இதயத்தின் பரப்பைச் சிறுசிறு முக்கோணங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின் திண்மக் கோணத்தையும் கூட்டிக் கணிக்க அது வழிவிட்டது. இ.சி.ஜி. எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டப்படும் 6 மின்முனைகளும் ஒரே இதயத்தின் ஒரே துடிப்பைப் பதிகின்றன. ஆயினும் ஆறு தாள்வரிகளும் ஆறு விதமாக அமைகின்றன, ஏனெனில் அந்த ஒரே அலை முகப்பு ஒவ்வொரு மின்முனையின் இடத்திலும் வெவ்வேறு திண்மக் கோணத்தைத் தாங்குகிறது.